கூட யார் வருவாங்க?

ஜனவரி 14, திங்கள்

இன்றைய தபால்பையில் எனக்கென்று ஒரு கடிதம் இருந்தது. நவம்பருக்குப் பிறகு இதுதான் முதல். (கரண்ட் பில்லைக் கடிதத்தில் சேர்க்கக் கூடாது.) பிரித்துப் பார்த்தால், பெருங்குடல் புற்றுநோய்ச் சோதனைத் திட்டம். "அன்புள்ள வெர்டா ஸ்ட்ரிக்லண்ட்" என்று மரியாதையாகத் தொடங்கி, என் மலத்தில் கொஞ்சம் அனுப்பி வைக்கும்படி கேட்டிருக்கிறார்கள். கூடவே ஒரு சின்னக் குழாய், குச்சி, திரும்ப அனுப்ப உறை.

ஐம்பது வயதிலிருந்து வந்துகொண்டுதான் இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் அப்படியே அடுப்பில் போட்டிருக்கிறேன். இன்று போடவில்லை. ஏன்? யாரோ ஒருவர் என்னிடமிருந்து ஏதோ ஒன்றை எதிர்பார்க்கிறார் என்பதாலா? இதை எழுதும்போதே சிரிப்பு வருகிறது. சிரிப்பதற்கும் ஆள் இல்லை.

ஜனவரி 16, புதன்

ஊரில் மொத்தம் ஐம்பத்து நான்கு பேர். எல்லாரும் என் கவுண்டருக்கு வந்தாக வேண்டும், கெட்டில் ஆர்மில் வேறு தபால் அலுவலகம் கிடையாது. இன்று பதினோரு பேர் வந்தார்கள். "பார்சல் வந்துச்சா." "ஸ்டாம்ப் ரெண்டு." அவ்வளவுதான். ஒன்றரை வருடமாக இப்படித்தான்.

லியாண்டர் மட்டும் கொஞ்சம் பேசுவார், அதுவும் மனைவி பிளாஞ்ச் பக்கத்தில் இல்லாதபோது. அவருக்கும் அதே உறை வந்திருக்கிறது. கையில் வைத்து எடை பார்த்தார்.

"இத யாருக்கு அனுப்பணும்? மந்திரிக்கா?"

"ஆய்வுக்கூடத்துக்கு."

"மந்திரிக்குன்னா வண்டி நிறைய அனுப்பியிருப்பேன். ஆய்வுக்கூடத்துப் பிள்ளைங்க பாவம்."

நான் சிரித்தேன். அந்த நேரம் பார்த்து பிளாஞ்ச் உள்ளே வந்தாள். அவர் உறையைக் கோட்டுப் பைக்குள் செருகிக்கொண்டு வெளியே போய்விட்டார். பிளாஞ்ச் தன் கடிதங்களை எடுத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஜனவரி 19, சனி

செய்துவிட்டேன். ஐஸ்கிரீம் டப்பாவைக் கழுவிக் காயவைத்து அதில் பிடித்து, குச்சியால் நாலு இடத்தில் தொட்டு, குழாய்க்குள் விட்டு மூடினேன். தேதி எழுதினேன். இதற்காகவா ஒன்பது வருடம் பயந்தேன்? பல் தேய்ப்பதைவிடக் கொஞ்சம் அதிக நேரம், அவ்வளவுதான்.

உறையின் மேல் முத்திரை குத்தியபோது விசித்திரமாக இருந்தது. இருபத்தாறு வருடத்தில் எத்தனை ஆயிரம் உறைகளுக்குக் குத்தியிருப்பேன். என் பெயர் போட்டு நானே அனுப்புவது எத்தனை? கிறிஸ்துமஸ் வாழ்த்துகூட என் கணவர் ஹெட்லி இறந்த வருடத்தோடு நின்றுவிட்டது.

ஜனவரி 22, செவ்வாய்

காற்று. படகு வரவில்லை. சாலை இல்லாத ஊர், படகு வராவிட்டால் தபாலும் போகாது.

ஜனவரி 25, வெள்ளி

இன்றும் இல்லை. கடைக்காரரிடம் பாலும் முட்டையும் தீர்ந்துவிட்டன. தபால்பை கட்டிய கட்டோடு மூலையில் கிடக்கிறது. அதற்குள் என் குழாய்.

நடந்ததை ஒரு தடவை எழுதிவிடுகிறேன், நெஞ்சில் கிடந்து உறுத்துகிறது. போன வருடத்துக்கு முந்தின வருடம், ஊரைக் காலி செய்து வெளியே குடியேறுவதா என்று அரசாங்கம் ஓட்டு நடத்தியது. வேண்டிய எண்ணிக்கைக்கு ஒன்றே ஒன்று குறைந்தது. மறுநாள் பிளாஞ்ச் கவுண்டருக்கு முன்னால் நின்று நேராகக் கேட்டாள், "நீ எதுக்குப் போட்ட?" நான் பொய் சொல்லவில்லை, வேண்டாம் என்றுதான் போட்டேன் என்றேன். அவளுக்குக் காண்டர் நகரத்தில் மகளும் மூன்று பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள். மகள் அவளுக்காக அறைக்கு வண்ணம்கூட அடித்து வைத்திருந்தாள்.

"ஒரு ஓட்டு, வெர்டா" என்றாள். அதற்கப்புறம் பேசவில்லை. முப்பது வருடம் வியாழக்கிழமைதோறும் என் அடுக்களையில் சீட்டாடியவள்.

வேண்டாம் என்று போட்டவர்கள் நான் ஒருத்தி மட்டும் இல்லை, இன்னும் சிலர் இருந்தார்கள். வாயைத் திறந்து சொன்னது நான் மட்டும்தான்.

பிப்ரவரி 1, வெள்ளி

பன்னிரண்டு நாள் கழித்துப் படகு. பை போய்விட்டது.

பிப்ரவரி 19, செவ்வாய்

கடிதம். "உங்கள் மாதிரி காலம் கடந்து வந்ததால் பரிசோதிக்க இயலவில்லை. தயவுசெய்து மீண்டும் அனுப்பவும்." புதுக் குழாய் வைத்திருக்கிறார்கள்.

சரி, விட்டுத் தொலைக்கலாம் என்றுதான் தோன்றியது. அடுப்பு வரைக்கும் போனேன். ஆனால் ஒரு பிடிவாதம். ஒரு வேலையை ஆரம்பித்தாயிற்று.

பிப்ரவரி 25, திங்கள்

இந்த முறை வானிலை அறிக்கையைக் கேட்டுவிட்டு, படகு நிச்சயம் என்று தெரிந்த பிறகுதான் கழிவறைக்கே போனேன். இதுவரை யாரும் கடல் பார்த்து இந்தக் காரியத்துக்கு உட்கார்ந்திருக்க மாட்டார்கள். பை கட்டுவதற்குப் பத்து நிமிடம் முன்னால் முடிந்தது.

ஹெட்லி இருந்திருந்தால் இதை ஊர் முழுக்கச் சொல்லியிருப்பார்.

மார்ச் 12, செவ்வாய்

தொலைபேசி. திட்டத்தின் செவிலி, பெயர் நோரீன். நல்ல குரல்.

"உங்க மாதிரியில ரத்தம் இருக்குதும்மா. கண்ணுக்குத் தெரியாத அளவுதான். பயந்துடாதீங்க, இப்படி வர்றவங்கள்ல முக்கால்வாசிப் பேருக்குப் புத்துநோய் இருக்காது. ஆனா பாக்காம விடக் கூடாது. கேமரா விட்டுப் பாக்கணும்."

நான் சரி சரி என்று சொல்லிக்கொண்டே தேதியைக் குறித்தேன். ஏப்ரல் 10. அதற்கு முந்தின நாள் குடலைச் சுத்தம் செய்யும் மருந்து. பிறகு கேட்டாள்:

"கூட யார் வருவாங்க?"

"எங்க?"

"மயக்கம் குடுப்போம்ல. முடிஞ்சதும் ஒருத்தர் வந்து கையெழுத்துப் போட்டுக் கூட்டிட்டுப் போகணும். அன்னைக்கு ராத்திரி கூட இருக்கணும். இல்லன்னா செய்ய மாட்டாங்க."

"இருக்காங்க" என்றேன்.

"பேர் சொல்லுங்க, எழுதிக்கறேன்."

கவுண்டரில் ஆள் வந்துவிட்டார்கள், அப்புறம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். கவுண்டரில் யாரும் இல்லை.

மார்ச் 13, புதன்

பேர் சொல்லுங்க.

மார்ச் 16, சனி

தம்பி கார்ஃபீல்டைக் கூப்பிட்டேன். கனடாவின் மறுபக்கத்தில், ஆல்பர்ட்டாவில் எண்ணெய் வயலில் வேலை செய்கிறான். கடைசியாகப் பேசியது அவன் பிறந்தநாளுக்கு.

"வர்றேன்க்கா, கண்டிப்பா வர்றேன். ஆனா ஏப்ரல்ல முழுக்க ஷிப்ட்டு. மே மாசம்னா?"

"இல்லடா, பரவாயில்ல. சின்ன விஷயம்தான்."

"சீரியஸா ஒண்ணுமில்லல்ல?"

"ஒண்ணுமில்ல."

அவன் நிம்மதியானது போனிலேயே கேட்டது. அவனைக் குறை சொல்ல முடியாது. ஐயாயிரம் கிலோமீட்டர்.

நோரீனிடம் டாக்சி ஓட்டுநர் ஆகுமா என்று கேட்டேன். ஆகாது. தெரிந்தவராக இருக்க வேண்டுமாம். எனக்குத் தெரிந்தவர்கள் ஐம்பத்து மூன்று பேர். அவர்களுக்கு எந்தக் கடை துணி பிடிக்கும், எந்த மகன் கடிதம் எழுதுவதில்லை, யாருக்கு எந்த மருந்து பார்சலில் வருகிறது என்று எல்லாம் தெரியும். ஒருவரைக் கூப்பிட முடியவில்லை.

மார்ச் 21, வியாழன்

ரத்து செய்யலாம் என்று தொலைபேசியை எடுத்தேன். எண்களை அழுத்தினேன். பதிவுக் குரல் வந்தது, வைத்துவிட்டேன்.

அறுபதுகூட ஆகல எனக்கு. யாருமில்லங்கிறதுக்காக ஒருத்தி சாகணுமா? இதென்ன நியாயம்? கையெழுத்துப் போட ஒரு ஆள் இல்லன்னு.

அழுதேன். எழுதி வைக்கிறேன், யார் படிக்கப் போகிறார்கள்.

மார்ச் 24, ஞாயிறு

பிளாஞ்ச் வீட்டுக்குப் போனேன்.

எங்கள் ஊரில் யாரும் கதவைத் தட்டுவதில்லை. பின்பக்கமாக நேரே அடுக்களைக்குள் போய் உட்கார்ந்துவிடுவோம். தட்டினால் போலீஸ்காரராக இருக்கும், இல்லை வெளியூர்க்காரராக இருக்கும். நான் தட்டினேன். உள்ளே ரேடியோ நின்றது.

லியாண்டரின் குரல்: "தட்டுறாங்கடீ. நான் ஒண்ணும் திருடலன்னு சொல்லு."

பிளாஞ்ச் திறந்தாள். கையெல்லாம் ரொட்டி மாவு. என்னைப் பார்த்ததும் முகம் இறுகியது.

"தபாலா?"

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமை."

"அது தெரியும்."

வழியில் தயார் செய்து வைத்திருந்த வாக்கியங்கள் ஒன்றும் வரவில்லை. "எனக்கு ஒரு ஆள் வேணும், பிளாஞ்ச்" என்றேன். பிறகு மலம், ரத்தம், கேமரா, கையெழுத்து என்று முன்னும் பின்னுமாகக் கொட்டினேன். அவள் கையிலிருந்த மாவை விரல் விரலாக உருட்டி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனாந்தேதி?"

"ஏப்ரல் பத்து."

சுவரில் இருந்த படகு நேர அட்டையைத் திரும்பிப் பார்த்தாள். "எட்டாந்தேதியே கிளம்பணும். காத்து மாறுச்சுன்னா ஒம்பதாந்தேதி படகு நிச்சயமில்ல. அக்கரையில எங்க வண்டி நிக்குது, நான் ஓட்டறேன். லியாண்டர் ஓட்டினா கடலுக்குள்ளதான் விடுவாரு."

"கேட்டுச்சு எனக்கு" என்றார் உள்ளேயிருந்து.

"ஒண்ணு சொல்லிடறேன் வெர்டா. உன் மேல இருக்கற கோவம் அப்படியேதான் இருக்கு."

"தெரியும்."

"இதனால அது போயிடாது."

"சரி."

கதவைச் சாத்தினாள். உள்ளே வா என்று சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் நோரீனுக்குச் செய்தி வைத்தேன்: பெயர், பிளாஞ்ச் டர்ன்ஃபோர்டு.

ஏப்ரல் 8, திங்கள்

படகில் இரண்டரை மணி நேரம். அவள் ஜன்னல் பக்கம், நான் இந்தப் பக்கம், நடுவில் இரண்டு பைகள். பிறகு மருத்துவமனை இருக்கும் ஊருக்கு வண்டியில் மூன்று மணி நேரம். மூஸ் மான் ஒன்று சாலையைக் கடந்தபோது "மூஸு" என்றாள். "ம்" என்றேன். மொத்தப் பேச்சு அதுதான்.

ஏப்ரல் 9, செவ்வாய்

மோட்டல் அறை, இரண்டு கட்டில், ஒரே கழிவறை. மதியத்திலிருந்து மருந்து. நாலு லிட்டர். கடல் தண்ணீரில் எலுமிச்சை பிழிந்த மாதிரி இருக்கிறது. எழுதுவதை இடையிடையே நிறுத்தி ஓட வேண்டியிருக்கிறது.

பிளாஞ்ச் கட்டிலில் தனியாகச் சீட்டு அடுக்கி ஆடிக்கொண்டிருக்கிறாள். சற்று முன் கதவில் இடித்தாள்.

"உயிரோட இருக்கியா?"

"இருக்கேன்."

"அப்ப சீக்கிரம் வெளிய வா. எனக்கும் அவசரம்."

"வர முடியாது பிளாஞ்ச்."

பிறகு அவள் சிரிக்க ஆரம்பித்தாள். எனக்கும் அடக்க முடியவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் அவளும் இந்தப் பக்கம் நானும். கடைசியில் மோட்டல் வரவேற்பறைக்கு ஓடினாள், வாயில் வந்த வசவையெல்லாம் எனக்குப் போட்டுக்கொண்டே. திரும்பி வந்தபோது மஞ்சள் ஜெல்லி இரண்டு டப்பா வாங்கி வந்திருந்தாள். சிவப்பு கூடாது என்று கடிதத்தில் இருந்ததைப் படித்திருக்கிறாள்.

ஏப்ரல் 11, வியாழன்

வீட்டில். நேற்று நடந்தது பாதிதான் நினைவிருக்கிறது. பச்சைத் திரை, கையில் ஊசி, அப்புறம் ஒன்றுமில்லை. கண் விழித்தபோது நாற்காலியில் பிளாஞ்ச், மடியில் என் கோட்டு.

டாக்டர் அவளிடமும் என்னிடமும் சொன்னார். மூன்று சின்னக் கட்டிகளை எடுத்துவிட்டார்கள். நான்காவது ஒரு இடம் அவருக்குப் பிடிக்கவில்லை. சதை கிள்ளி அனுப்பியிருக்கிறார்கள்.

படகை விட்டு இறங்கும்போது பிளாஞ்ச் சொன்னாள்: "மயக்கத்துல என்னென்னமோ பேசின."

"என்ன பேசினேன்?"

"பையப் பிடி. வழுக்குது பாரு."

என்ன சொல்லியிருப்பேன்? கேட்கவும் பயம்.

ஏப்ரல் 25, வியாழன்

புற்றுநோய்.

ஏப்ரல் 26, வெள்ளி

நேற்று அந்த ஒரு வார்த்தைக்கு மேல் பேனா நகரவில்லை. சின்னதுதானாம். குடலின் சுவரைத் தாண்டியிருக்காது என்று நினைக்கிறார்கள். அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிட்டு இரண்டு பக்கத்தையும் சேர்த்துத் தைப்பார்கள். மே 21.

தொலைபேசியை வைத்த பிறகு அலுவலகத்தைத் திறந்தேன். தபால் பிரித்தேன். பதினான்கு பேர் வந்தார்கள். யாரிடமும் சொல்லவில்லை. வேறு என்ன செய்ய?

ஏப்ரல் 27, சனி

பிளாஞ்ச் வந்தாள். ரொட்டி ஒன்று, பட்டாணி சூப் ஒரு பானை. உட்கார்ந்து தேநீரில் டின் பால் ஊற்றிக்கொண்டு, "என்ன சொன்னாங்க?" என்றாள். சொன்னேன். சூப்பை அடுப்பில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"மயக்கத்துல நீ ஒரே ஒரு விஷயம்தான் சொன்ன, வெர்டா. திருப்பித் திருப்பி. நர்ஸ்கூடக் கேட்டுச்சு."

"என்னது?"

"'நீங்கல்லாம் அவங்கவங்க பிள்ளைங்க கிட்டப் போயிடுவீங்க. நான் எங்க போவேன்?' நாலு தடவ கேட்ட. நாலாவது தடவ என் கையப் புடிச்சுட்டுக் கேட்ட."

அதுதான் உண்மை. ஊர் மேல் பாசம், கல்லறையில் ஹெட்லி, அதெல்லாம் கேட்டவர்களுக்குச் சொன்னது. நகரத்தில் ஒரு குடியிருப்பில் என் பெயர் தெரியாத ஜனங்களுக்கு நடுவில் இருப்பதைவிட, பெயர் தெரிந்து பேசாத ஜனங்களுக்கு நடுவில் இருந்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

"இத அன்னைக்கே கவுண்டர்ல சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா?"

"ஓட்டு தோத்ததுக்கு அப்பவும் அழுதிருப்பேன்." தேநீரைக் குடித்தாள். "ஆனா பேசாம இருந்திருக்க மாட்டேன். ஒன்றரை வருஷம், பைத்தியக்காரி. வியாழக்கிழமைன்னா எனக்கு மட்டும் கை சும்மா இருந்துச்சா?"

சூப் பொங்கி அடுப்பில் வழிந்தது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

மே 20, திங்கள்

நாளை. மறுபடி அதே மோட்டல். பிளாஞ்ச் பக்கத்துக் கட்டிலில் குறட்டை விடுகிறாள், மணி இன்னும் ஏழுகூட ஆகவில்லை. ஓட்டிக் களைத்துவிட்டாள். பயமாக இருக்கிறது. ஆனால் போன மாதம் இருந்த பயம் வேறு மாதிரி.

மே 27, திங்கள்

வலி. தும்மினால் உயிர் போகிறது. காற்றுப் பிரிந்ததும் செவிலிகள் கைதட்டினார்கள். இவ்வளவு வயதுக்கு அப்புறம் இதற்குப் பாராட்டு.

ஜூன் 6, வியாழன்

நோய் பரவியிருக்கிறதா என்று நிணநீர்க் கணுக்கள் பதினாறையும் பார்த்துவிட்டார்களாம். எல்லாம் சுத்தம். கீமோ தேவையில்லை. அடுத்த வருடம் ஒரு தடவை கேமரா, அவ்வளவுதான்.

"இன்னும் ரெண்டு வருஷம் விட்டிருந்தா வேற கதையா இருந்திருக்கும்" என்றார் டாக்டர். அடுப்பில் போட்ட உறைகளை நினைத்துக்கொண்டேன்.

ஜூன் 20, வியாழன்

அலுவலகம் திரும்பத் திறந்தேன். எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, லியாண்டர் வாய் சும்மா இருக்குமா? ஆனால் யாரும் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. கவுண்டரில் ஒரு ஜாடி பேக்ஆப்பிள் காட்டுப்பழ ஜாம் இருந்தது, யார் வைத்தது என்று தெரியவில்லை. கடைக்காரர் மட்டும் காதோடு கேட்டார், "அந்தக் குச்சி, எத்தன இடத்துல தொடணும்?"

லியாண்டருடையது சுத்தம் என்று வந்துவிட்டது. பிளாஞ்ச் கழிவறைக் கதவுக்கு வெளியே நின்று செய்ய வைத்தாளாம். முடிவுக் கடிதத்தைப் பட்டம் வாங்கினவர் மாதிரி எல்லாருக்கும் காட்டிக்கொண்டு திரிகிறார்.

ஜூலை 18, வியாழன்

சீட்டாட்டம். பிளாஞ்ச் இரண்டு ஆட்டம் தோற்றாள். பிறகு சீட்டைக் கலைத்துக்கொண்டே சொன்னாள், அவர்கள் போகிறார்கள். ஓட்டும் வேண்டாம், அரசாங்கமும் வேண்டாம். வீட்டை அப்படியே பூட்டிவிட்டு மகளிடம். "எனக்கு அறுபத்து நாலு ஆச்சு வெர்டா. பேரன் என்னைப் போன்ல மட்டும்தான் தெரியும்ங்கறான்."

"போ" என்றேன். "போய்த்தான் ஆகணும்."

"நெஜமாத்தான் சொல்றியா?"

"சீட்டப் போடு."

ஆகஸ்ட் 12, திங்கள்

காலைப் படகில் போனார்கள். துறையில் நிறையப் பேர். பிளாஞ்ச் எல்லாரையும் கட்டிக்கொண்டாள். என்னிடம் வந்தபோது, "அடுத்த ஏப்ரல். நான் வந்து கூட்டிட்டுப் போறேன். வேற எவளையாவது எழுதிக் குடுத்த, தொலைச்சிருவேன்" என்றாள். படகு கடல்முனையைச் சுற்றி மறையும்வரை நின்றேன். வயிற்றில் தையல் போட்ட இடம் இழுத்தது.

இப்போது ஐம்பத்து இரண்டு பேர்.

ஆகஸ்ட் 15, வியாழன்

வியாழன்.

ஆகஸ்ட் 29, வியாழன்

கடினமாக இருக்கிறது. அவள் வீட்டுப் பக்கம் பார்க்காமல் இருக்கத் தண்ணீர்த் தொட்டி வழியாகச் சுற்றிப் போகிறேன். முன்பு அவள் அங்கே இருந்தும் பேசாமல் இருந்தது ஒரு தனிமை. இது வேறு. எது கொடியது என்று யாராவது கேட்டால் சட்டென்று பதில் சொல்வேன், அது முன்னதுதான்.

செப்டம்பர் 5, வியாழன்

காலையில் படகு வந்தது. தபால் பிரித்துக் கொடுத்தேன். மதியம் பையைக் கட்டும் முன் என் உறை ஒன்றையும் உள்ளே போட்டேன். காண்டர், பிளாஞ்சுக்கு. ஒன்பது பக்கம், இரண்டு ஸ்டாம்ப் ஒட்ட வேண்டியிருந்தது. கடைக்காரர் வீட்டுச் சண்டை, கடைக்காரரின் குழாய், தூக்கம் வராத செவ்வாய்க்கிழமை, அடிவயிற்றில் அவ்வப்போது ஒரு குத்தல், எல்லாம் எழுதினேன்.

அதனால் இந்த நோட்டில் எழுத வேறொன்றும் மிச்சமில்லை.